ஆணைக்குப் பின்னும் ஒரு வழி

பிரிந்து வாழும் தந்தை தம் குழந்தைக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வழங்குவது சட்டக் கடமையாகும். இதனை ஜீவனாம்சம் என்பர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த இக்கடமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் தொடர்கிறது.

தந்தை எங்குப் பணிபுரிந்தாலும், தாய் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். மனு அளித்த நாள் முதலே தொகையைக் கணக்கிட வேண்டும் என, 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆணை கிடைத்தும் பணம் வராமற்போவதுண்டு. அந்நிலையில், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூலிக்கக் கோரி மனு அளிக்க வேண்டும். நீதிமன்றம் ஊதியத்தைப் பற்றுகை செய்யலாம். செலுத்தத் தவறியவரைச் சிறையிலும் அடைக்கலாம். சிறை சென்றதனால் நிலுவை தீர்ந்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1988இலேயே தெளிவுபடுத்தியுள்ளது.

குன்றத்தூரை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகளில் நிரந்தரப் பணியாளரின் ஊதியத்தை நிறுவனமே பிடித்தம் செய்து செலுத்த இயலும். ஒப்பந்தத் தொழிலாளரோ வேலை மாறினால், பழைய நிறுவனத்துக்கு அனுப்பிய ஆணை புதிய நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. தாய் மீண்டும் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆகவே, ஊதியம் வழங்குபவர் யார் என அறிந்து நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது, குழந்தையின் உரிமையைக் காக்கும் முதற்படியாகும்.