வெயில் நாட்டு வானில் உறையும் பனி

பினாங்கின் தாசேக் கெலுகோர் வயல்களின் மேல் 30 டிகிரி வெயில் காயும்போது, அந்த வானில் பறக்கும் சிறிய விமானத்துக்குப் பனிக்கட்டியால் ஆபத்து என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இறக்கையைப் பொறுத்தவரை அந்த அவநம்பிக்கை சரிதான். குளிர்நாடுகளில் இறக்கையில் படியும் பனி விமானத்தையே வீழ்த்தும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஏடிஆர் 72 விமானம் அப்படித்தான் விழுந்தது. அதில் இருந்த 68 பேரும் மாண்டனர். நம் வானிலோ ஏறக்குறைய 16,000 அடிக்கு மேலேதான் உறைநிலை தொடங்குகிறது. நான்கு பேர் அமரும் விமானம் அவ்வளவு உயரம் போவது அரிது.

இங்கே பனி உறைவது எஞ்சினுக்குள், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில்.

அதன் குறுகலான கழுத்தில் காற்று விரைந்து பாயும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது. அங்கேயே பெட்ரோலும் ஆவியாகிறது. ஊசி போடுமுன் தாதி தடவும் ஸ்பிரிட் தோலைச் சில்லிட வைப்பதுபோல, ஆவியாகும் பெட்ரோல் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. வெப்பநிலை 30 டிகிரிக்கும் அதிகமாகச் சரியக்கூடும். காற்றிலுள்ள ஈரம் உறைந்து வழியை அடைக்கிறது. வெளியே 38 டிகிரி வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் இருந்தாலும் இது நடக்கலாம் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானிகள் கையேடு. பினாங்குக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் இதைவிட அதிகம்.

தரையிறங்க எஞ்சின் விசையைக் குறைக்கும் நேரம்தான் மிக மோசமானது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். சிறிது பனியே இடைவெளியை அடைத்துவிடும். உயரமும் கைவசம் இருக்காது.

இதற்கு மருந்து விமானியின் கைக்கெட்டும் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். ஆனால் உருகும் நீர் எஞ்சினுக்குள் போவதால், முதலில் அது இன்னும் மோசமாகத் திணறும். பயந்துபோய்க் கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடத் தோன்றும். அதுதான் செய்யக்கூடாதது. திணறல் அடங்கும்வரை சூட்டை முழுமையாக விட்டுவைக்க வேண்டும். பயிற்சி மாணவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

விபத்து நேர்ந்துவிட்டால் புலனாய்வாளர்களுக்கும் சிக்கல்தான். அவர்கள் போய்ச் சேருமுன் பனி உருகி, தடயமே இல்லாமல் போயிருக்கும். அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்துத்தான் காரணத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

1996 முதல் வந்த செஸ்னா 172 விமானங்களில் எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சின்; அதில் கார்புரேட்டரே கிடையாது. ஆனால் கார்புரேட்டர் உள்ள பழைய செஸ்னா 150 போன்றவை உலகெங்கும் இன்னும் பறக்கின்றன.