புலிகேசி வளைத்த புரி எங்கே?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த நமக்கு, வாதாபிப் புலிகேசி என்றால் காஞ்சியை முற்றுகையிட்டவன்தான். நாம் பிழைக்க வந்த இந்தக் கொங்கணக் கரையிலும் அவன் ஒரு முற்றுகை நடத்தினான் என்பது மும்பைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கர்நாடகத்தில் ஐஹொளெ மேகுடிக் கோயிலில் கி.பி. 634-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாடியவர் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர். இரண்டாம் புலிகேசி கொங்கண மௌரியரை வென்று, மேலைக்கடலோரம் செல்வச் செழிப்போடிருந்த புரி நகரை நூற்றுக்கணக்கான கப்பல்களோடு வளைத்தான் என்கிறது அது. முற்றுகை என்றால் கோட்டை இருந்திருக்கும். ஆனால் அந்தப் புரி எந்த ஊர்? இன்றுவரை தீராத வழக்கு அது.

எலிபெண்டாதான் என்பார் பலர். ஊரிலிருந்து வரும் உறவினரைப் படகேற்றி நாம் காட்டும் அதே தீவு. உள்ளூர்ப் பெயர் கராபுரி. 6-ஆம் நூற்றாண்டுக் களச்சூரி மன்னன் கிருஷ்ணராஜனின் காசுகளும், பௌத்த ஸ்தூபத்தின் சிதைவும் அங்கே கிடைத்துள்ளன. பழைய துறைமுகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மலை உச்சிப் பீரங்கியைக் காட்டி, "இதுதான் புலிகேசி பிடித்த கோட்டை" என்று என் சம்பந்தியிடம் ஒரு வழிகாட்டி அளந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை! பீரங்கி வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து.

எனக்கு உறுத்துவது தண்ணீர். ரயில்வேயில் எந்த வேலைக்கு முகாம் போட்டாலும் முதலில் அதைத்தான் பார்ப்போம். பாறையில் வெட்டிய தொட்டிகள் துறவிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் போதும், ஒரு தலைநகரத்துக்கு? பின்னால் வந்த சிலாஹாரர் சாசனங்கள் 1400 கிராமங்களுக்குப் புரியைத் தலைமையாகச் சொல்கின்றன. அதனால்தான் முருட் பக்கத்து ராஜபுரியைச் சிலர் காட்டுகிறார்கள். பெயரும் பொருந்துகிறது, ஒதுக்கமான கழிமுகமும் இருக்கிறது. ஆனால் அங்கே கண்ணை நிறைக்கும் ஜஞ்சிரா மதில் சித்திகள் கட்டியது. அதுவும் மிகப் பிந்தியது.

மனம் கராபுரிப் பக்கம் சாய்கிறது, தொழில்புத்தி ஒப்பவில்லை.

எலிபெண்டா குகையில் எழுத்துப் பொறித்த கல் ஒன்று இருந்ததாம். போர்ச்சுக்கீசியர் அதைப் பெயர்த்துத் தங்கள் மன்னருக்கு அனுப்பினார்கள் என்று அவர்கள் வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூட்டோவே எழுதி வைத்திருக்கிறார். அங்கே அதைப் படிக்க ஆளில்லை. பிறகு கல்லும் காணாமல் போயிற்று. ஊர்ப் பெயர் அதில் இருந்ததோ என்னவோ!