கடல் விலகத் தோன்றும் களம்

விளையாட்டுக் களம் ஒன்றைக் காட்டுக என்றால், நீங்கள் உங்கள் பள்ளியின் மைதானத்தைக் காட்டுவீர்கள். நேற்று இருந்த இடத்திலேயே அஃது இன்றும் இருக்கிறது; நாளையும் இருக்கும். ஆனால், சில மணி நேரம் களமாய் இருந்து, பின்னர்க் கடலாய் மாறிவிடும் ஓரிடம் அயர்லாந்து நாட்டில் உண்டு. அதுவே லேடவுன் குதிரைப் பந்தயக் களம்.

டப்ளின் மாநகருக்கு வடக்கே சுமார் 30 மைல் தொலைவில், மீத் மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த சிற்றூர் லேடவுன். 1868ஆம் ஆண்டிலேயே அங்குப் பந்தயம் நடந்ததற்குக் குறிப்பு உள்ளது. அந்நாளில் போய்ன் ஆற்றுப் படகுப் போட்டியே பெருவிழா. நீர் ஏறியிருக்கும்போது படகுகள் ஓடின. நீர் வற்றியபோது, மக்கள் பொழுதுபோக்கிற்காகக் குதிரைகள் ஓடின. துணையாய்த் தோன்றியதே பின்னர்த் தலைமை பெற்றது! அயர்லாந்தின் தன்னாட்சிக்குப் போராடிய தலைவர் பார்னெல், இப்பந்தயத்தின் தொடக்ககாலப் பொறுப்பாளர்களுள் ஒருவர்.

பந்தய நாளைக் குறிப்பவர் யார்? திங்களும் ஞாயிறும் எனலாம். அவற்றின் ஈர்ப்பினால் கடல்நீர் ஏறுவதும் வற்றுவதுமாய் இருக்கிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே ஏற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. பகற்பொழுதில் கடல் நன்கு வற்றும் நாளைக் கணக்கிட்டே பந்தயத்திற்கு நாள் வகுக்கின்றனர். பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில், ஆண்டுக்கு ஒரே நாள் நடத்துவது மரபு.

கடல் பின்வாங்கியதும் பணியாளர் மணலில் இறங்கி ஓடுபாதையை அமைக்கின்றனர். கரைமேல் சுமார் மூன்று ஏக்கர் மேட்டுநிலம் உள்ளது. எடை பார்க்கும் இடமும் பிறவும் அங்கே கூடாரங்களில் அமைகின்றன. மணற்குன்றின் சரிவில் கட்டிய படிகளே பார்வையாளர் மேடை. முறையான பந்தய விதிகளுக்கு உட்பட்டுக் கடல் மணலில் நடைபெறும் பந்தயம் அயர்லாந்தில் இஃது ஒன்றே.

இதன் வரலாற்றில் துயரமும் உண்டு. முற்காலத்தில் நெடுந்தொலைவு ஓடி, வளைந்து திரும்பி வரும் பந்தயங்களும் இருந்தன. 1994ஆம் ஆண்டில் நேர்ந்த கொடிய விபத்தில் குதிரைகள் மாண்டன. பழைய வழக்கத்தை அவ்வாறே தொடர்வதா, அன்றிப் பந்தயத்தையே கைவிடுவதா? பொறுப்பாளர்கள் இரண்டையும் செய்யவில்லை, வழக்கத்தைத் திருத்தினார்கள். திருப்பம் நீக்கப்பட்டது. பாதை நேர்பாதையாயிற்று. தொலைவு 6 அல்லது 7 பர்லாங் எனக் குறுகியது. ஒரு பந்தயத்தில் 10 குதிரைகளுக்கு மேல் ஓடலாகாது என வரம்பு செய்தனர்.

பந்தயத்தில் பணம் வைத்து ஆடுவதை யான் பரிந்துரைக்க வரவில்லை. கருதத்தக்கது வேறொன்று. கடலை வெல்ல அம்மக்கள் முயலவில்லை. அதன் நேரம் அறிந்து, அது விட்ட இடத்தில் தம் விழாவை அமைத்துக்கொண்டனர். தம் பிழையை உணர்ந்தபோது தம்மைத் திருத்திக்கொண்டனர். அன்றைய ஓட்டம் முடிந்ததும் கடல் திரும்பி வந்து, குளம்படிச் சுவடுகளை அழித்துவிடுகிறது. ஆயினும், 1868 முதல் வரும் மரபு அழியவில்லை. திருத்தத்திற்கு இடம் தரும் மரபே நிலைக்கும் என்பதற்கு அம்மணற்பரப்பு சான்று.