ஜப்பான் ஓட்டல் படிப்பும் 28 மணி நேரக் கணக்கும்

ஓசூருக்கு ஜப்பான் புதிதல்ல. 1980-களில் சுசுகியோடு கூட்டு சேர்ந்து டி.வி.எஸ். இங்கே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் ‘கைசன்’, ‘ஃபைவ் எஸ்’ என்ற ஜப்பானியத் தொழிற்சாலை முறைகள் எல்லாம் சிப்காட் தொழிலாளர்களின் அன்றாடப் பேச்சில் கலந்தன. 2001-இல் அந்தக் கூட்டு பிரிந்தது. அடுத்த ஆண்டே டி.வி.எஸ். மோட்டாருக்கு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருது கிடைத்தது. ஜப்பான்காரன் சொன்ன சொல் தவற மாட்டான் என்று அன்று உருவான மதிப்பு இந்த ஊரில் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த மதிப்பை வைத்துத்தான் ஓசூர், பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேட்டரிங் மாணவர்களிடம் இப்போது ஒரு வியாபாரம் நடக்கிறது: ‘ஜப்பானில் ஓட்டல் மேனேஜ்மென்ட் படி, படித்துக்கொண்டே சம்பாதி.’

வாய்ப்பு இருப்பது உண்மை. 2024-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 3 கோடியே 69 லட்சம் பேர். அங்கே ஓட்டல்களில் ஆள் இல்லை, இளைஞர் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போகிறது. 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த இரு பிரதமர்களின் சந்திப்பில், ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பெற்றவர்கள் ஜப்பான் செல்ல வழி செய்வது என்று அறிவித்தார்கள். ஆகவே ஏஜென்ட் சொல்வதில் பாதி மெய். மீதிப் பாதிதான் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. படிப்பு, இன்டர்ன்ஷிப், வேலை மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ஒரே விலைக்கு விற்பதுதான் அந்த மீதிப் பாதி.

ஜப்பான் குடிவரவுத் துறைக்கு இவை மூன்றும் வேறு வேறு. எந்தத் தகுதியில் உள்ளே போகிறீர்களோ, அதை ஒட்டித்தான் உங்கள் உரிமைகள் எல்லாம் அமையும்.

மாணவர் விசாவில் போகிறவர் பெரும்பாலும் முதலில் ஒரு மொழிப் பள்ளியில் ஓராண்டு, இரண்டாண்டு ஜப்பானிய மொழி படித்துவிட்டு, அதன்பின் ‘சென்மோன் கக்கோ’ எனப்படும் தொழிற்கல்லூரியில் சேருவார். சுற்றுலா, ஓட்டல் படிப்புகள் அங்கே பொதுவாக இரண்டு ஆண்டுகள். வகுப்பு முழுக்க ஜப்பானிய மொழியில் நடப்பதால், ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை அல்லது அதற்கு ஈடான தகுதி கேட்பார்கள். இந்தத் தேர்வு சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கிறது. ‘மொழி தெரியாவிட்டாலும் நேராகக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறோம்’ என்று யாராவது சொன்னால், அவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் தெரிந்தே மறைக்கிறார்.

இரண்டாவது வழி, இங்கே படிக்கும்போதே அங்கே போய்வரும் இன்டர்ன்ஷிப். இதற்கென ஜப்பான் தனி அனுமதி வைத்திருக்கிறது. பட்டப்படிப்பில் இருக்கும் மாணவராக இருக்க வேண்டும். பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் ஜப்பான் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும். ஒரு முறை போனால் ஓராண்டு வரை தங்கலாம், மொத்தக் காலம் படிப்புக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதை எங்கள் பகுதிப் பெற்றோர் அழுத்தமாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்டரிங் சான்றிதழ் மட்டும் தரும் பயிற்சி நிலையத்தால் இந்த வழியில் யாரையும் அனுப்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ‘ஜப்பான் இன்டர்ன்ஷிப் உறுதி’ என்ற பலகையைப் பார்த்தால், எந்த விசா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளி’ விசா. 2019 முதல் தங்கும் விடுதித் துறையும் இதில் உண்டு. இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தமானது. மொழித் தேர்வும் திறன் தேர்வும் எழுதித் தேற வேண்டும். ஐந்து ஆண்டுகள் வரை வேலை செய்யலாம், ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம், அதே துறைக்குள் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாம் உண்டு. சம்பாதிப்பதுதான் நோக்கம் என்றால், கல்லூரிக் கட்டணம் கட்டி அல்லாடுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. இதில் ஏஜென்டுக்கு லாபம் குறைவு. அதனால் இதைப் பற்றி அவர் வாய் திறப்பது அபூர்வம். ‘தொழில்நுட்பப் பயிற்சியாளர்’ என்ற பழைய திட்டத்தை விட்டுவிட்டு, 2027 ஏப்ரலில் வேறொரு திட்டத்துக்கு ஜப்பான் மாறுகிறது. அதன் பெயரைச் சொல்லி இப்போது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதி நேர வேலை செய்யலாம். இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் சேர்த்து 28தான். கல்லூரியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம்.

2025-இல் ஜப்பானின் சராசரிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,121 யென். வாரம் 28 மணி வீதம் நான்கு வாரத்துக்கு 112 மணி. கூலி 1,25,552 யென். யென்னுக்கு 58 காசு என்று வைத்தால் சுமார் 73 ஆயிரம் ரூபாய். ஓசூரில் இருந்து பார்க்க நல்ல தொகைதான். ஆனால் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குப் பத்து லட்சம் யென்னை ஒட்டி வரும், மாதத்துக்கு 83 ஆயிரம் யென். மிச்சம் 42 ஆயிரம். டோக்கியோவில் சின்ன அறை ஒன்றின் வாடகைக்கே அது போதாது. சாப்பாடு, ரயில், மருத்துவக் காப்பீடு எல்லாம் இன்னும் பாக்கி. ஊரில் வைத்த நகைக்கு வட்டி எங்கிருந்து வரும்?

‘மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் அனுப்பலாம்’ என்கிறார் ஏஜென்ட். அவ்வளவு சம்பாதிக்க மட்டுமே அதே கூலியில் வாரத்துக்கு 57 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அனுமதி அதில் பாதிகூட இல்லை. அதாவது, சட்டத்தை மீறச் சொல்லித்தான் அந்த வாக்குறுதியைக் கொடுக்கிறார். விசாவைப் புதுப்பிக்கும்போது வருமானச் சான்றையும் வருகைப் பதிவையும் பார்ப்பார்கள். 28 மணி தாண்டியது தெரிந்தால் புதுப்பிப்பு மறுக்கப்படும், நாட்டை விட்டே வெளியேற்றவும் கூடும். அன்று ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். இன்னொன்று: மதுவோடு உபசரிப்பு நடக்கும் கேளிக்கை விடுதி, பச்சின்கோ சூதாட்டக் கூடம் போன்ற இடங்களில் மாணவர் பாத்திரம் கழுவினால்கூட விதிமீறல்தான்.

மாணவர்கள் எப்படிச் சிக்குகிறார்கள் என்பதற்கு ஜப்பானிலேயே சான்று உண்டு. டோக்கியோ சமூகநலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் மூன்று ஆண்டுகளில் காணாமல் போனது 2019-இல் வெளியே வந்தது. 2021-இல் ஃபுகுவோக்காவில் ஒரு மொழிப் பள்ளியின் ஊழியர் வியட்நாம் மாணவர் ஒருவரைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்; மறு ஆண்டு அந்தப் பள்ளி வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் தகுதியை ஜப்பான் அரசு பறித்தது. ஜப்பானில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை அனுப்பக் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

ரியோக்கனில் ஒரு நாள்

இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்களில் பலர் வெந்நீர் ஊற்று ஊர்களில் உள்ள ‘ரியோக்கன்’ என்னும் பாரம்பரிய விடுதிகளுக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். பெரும்பாலும் மலைப்பாங்கான இடம், கடைசிப் பேருந்து சாயங்காலமே போய்விடும். காலை ஆறு, ஆறரைக்கு விருந்தினரின் காலை உணவு. பிறகு படுக்கை மடித்து அறை சுத்தம். பத்து, பதினோரு மணிக்கு வேலை நின்று, மூன்று மணிக்கு மேல் மறுபடி தொடங்கும். இரவு உணவுத் தட்டுகளைப் பல முறை அறைக்குச் சுமந்து, பாயில் மெத்தை விரித்து, முடிக்கும்போது ஒன்பது, பத்தாகிவிடும். நடுவில் உள்ள ஓய்வை ‘நகானுகே’ என்பார்கள். அதற்குக் கூலி கிடையாது, சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் அந்த நேரம் முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். ‘கவுன்டரில் உட்கார், போன் வந்தால் எடு’ என்றால் அது வேலை நேரம், கூலி உண்டு.

பயிற்சி என்று பெயர் வைத்தாலும், மற்ற ஊழியர் செய்யும் வேலையையே மேலாளரின் உத்தரவுப்படி செய்தால் ஜப்பானின் தொழிலாளர் தரச் சட்டம் பொருந்தும். 1947-இல் வந்த சட்டம் அது. நாட்டை வைத்துக் கூலியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். நாளுக்கு 8 மணிக்கு மேல் போனால் 25 விழுக்காடு கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை செய்த வேலைக்கும் 25 விழுக்காடு கூடுதல். பாதியில் விலகினால் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. வேலையில் அடிபட்டால் பகுதி நேரம் வேலை செய்யும் மாணவருக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. ஆகவே தினமும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். புகார் கொடுக்கும் நாளில் வேறெதையும்விட அந்த நோட்டு கை கொடுக்கும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன செய்யலாம்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘ஜப்பானுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை, அதனால் எங்களுக்கும் லைசென்ஸ் வேண்டாம்’ என்று சிலர் வாதாடுவார்கள். முத்திரை தேவையில்லை என்பது சரி, லைசென்ஸ் வேண்டாம் என்பது பொய். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். மாணவர் விசாவுக்கு ஆள் பிடிக்கும் கன்சல்டன்சிக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் வேலையைப் படிப்பு என்று சொல்லி ஆள் ஏற்றுமதி நடக்கிறது. ஆனால் அதே கன்சல்டன்சி வாட்ஸ்அப்பில் ‘வேலை உறுதி’ என்று எழுதியிருந்தால், அந்த ஸ்க்ரீன்ஷாட் உங்களுக்கு ஆதாரம். அழித்துவிடாதீர்கள்.

பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: கல்லூரியோ விடுதியோ உங்கள் பெயருக்கு நேரடியாகத் தந்த சேர்க்கைக் கடிதம்; எந்தத் தகுதியில் தங்கப் போகிறீர்கள் என்று குறிப்பிட்ட, ஜப்பான் குடிவரவுத் துறையின் தகுதிச் சான்று எப்போது வரும், மறுத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ விவரம்; கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, பாஸ்போர்ட் மூன்றையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். ‘தம்பி, சும்மா ஃபைலுக்குத்தான்’ என்று கேட்டால் நகல் கொடுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை.

எல்லை ஊர்களில் வழக்கமான தந்திரம் ஒன்று உண்டு. ஆபீஸ் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியிலோ சந்தாபுராவிலோ இருக்கும். ஏமாந்தவர் ஓசூரில் இருப்பார். இங்கே போனால் ‘கர்நாடகா கேஸ், அங்கே போ’ என்பார்கள். அங்கே போனால் மொழி இடிக்கும், அலைச்சல் மிஞ்சும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம்.

கட்டிய பணத்தை மீட்க நுகர்வோர் ஆணையம் எளிய வழி. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. எதிர்த் தரப்பு பெங்களூரில் இருந்தாலும் கிருஷ்ணகிரியிலேயே போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர் 15100-ஐ அழைத்தால் சட்ட உதவி ஆணைக்குழு வழிகாட்டும். வெளிநாட்டு வேலை தொடர்பான சந்தேகத்துக்கும் புகாருக்கும் மத்திய அரசின் 1800 11 3090, தமிழிலேயே பேச அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793, இரண்டுமே கட்டணமில்லாதவை.

ஜப்பானில் இருக்கும்போது கூலிப் பிரச்சினை என்றால் அந்தந்தப் பகுதித் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகத்துக்குப் போகலாம். வெளிநாட்டவருக்கான தொழிலாளர் துறைத் தொலைபேசி ஆலோசனையில் தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. ‘ஹோதெராசு’ எனும் அரசுச் சட்ட உதவி மையத்தின் பன்மொழி எண் 0570-078377. அடிதடி, மிரட்டல், அடைத்து வைத்தல் என்றால் 110, ஆம்புலன்சுக்கு 119. டோக்கியோவில் இந்தியத் தூதரகமும் ஒசாகாவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று முதலாளி மிரட்டுவார். விசாவைத் தருவதும் எடுப்பதும் குடிவரவுத் துறைதான், முதலாளி அல்ல.

படிக்கவே விருப்பமுள்ள பிள்ளைகள் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையைப் பற்றித் தூதரகத்தில் விசாரியுங்கள். தொழிற்கல்லூரிப் பிரிவு அதில் தனியாக உண்டு. கல்விக் கட்டணமும் விமானச் செலவும் மாத உதவித்தொகையும் அவர்களே தருகிறார்கள். போட்டி கடுமைதான். ஆனால் அதற்காகப் படிக்கும் ஜப்பானிய மொழி எந்த வழியில் போனாலும் உதவும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டுகள். ரசீதிலோ வங்கிக் கணக்கிலோ உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.