அடுத்த வீட்டுக் குமிழும் கடல் தாண்டி வரும் குரலும்

தலைமன்னார்க் கரையில் ஒரு வாடி. பொழுது சாய்ந்த நேரம். பழைய ரேடியோவில் தமிழகத்துச் செய்தி தெளிவாகக் கேட்கிறது. கூரைக் கம்பில் தொங்கும் எல்இடி குமிழைப் போட்டதும் ‘கர்’ரென்ற இரைச்சல் குரலை விழுங்கிவிடுகிறது. அணைத்தால் குரல் திரும்புகிறது.

குமிழின் அடியில் உள்ள சின்னச் சுற்று மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த அதிர்வு வயரில் ஏறுகிறது, வயரே அன்டெனாவாகிவிடுகிறது. இதைத் தடுக்கும் வடிகட்டியைப் பல மலிவுக் குமிழ்களில் தேடினாலும் கிடைக்காது.

மின்கருவிகள் ரேடியோவுக்குத் தரும் இத்தகைய தொல்லைக்கு வரம்பு கட்ட 1934இல் பாரிசில் கூடியது ‘சிஸ்பர்’ என்ற சர்வதேசக் குழு. கணக்கை அவர்கள் தொடங்கியது கருவியிலிருந்து அல்ல, கேட்பவரிடமிருந்து. காக்க வேண்டிய ஒலிபரப்பின் வலு எவ்வளவு? இரைச்சல் அதைவிட எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும்? அடுத்த வீட்டுக் கருவி எத்தனை மீற்றரில், இடையிலுள்ள சுவர் எவ்வளவு தடுக்கும்? இப்படிக் கூட்டிக் கழித்துத்தான் வரம்பு பிறந்தது. அதிலும் ஒரு சலுகை உண்டு: ஒரு வகைக் கருவிகளில் 80 வீதமானவை வரம்புக்குள் இருக்கும் என்று 80 வீத நம்பிக்கையோடு சொல்ல முடிந்தால் போதும்.

கணினிகள் வீட்டுத் தொலைக்காட்சிப் படத்தைக் கெடுக்கத் தொடங்கியபின், 1979இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி வகுத்தது. அலுவலகத்துக்கு ‘ஏ’, வீட்டுக்குக் கடுமையான ‘பி’. 30 முதல் 88 மெகாஹேர்ட்ஸ் வரை, 3 மீற்றர் தூரத்தில், ‘பி’ கருவியின் புலம் மீற்றருக்கு 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக்கூடாது. சிஸ்பர் 1985இல் தந்த வரம்பு 10 மீற்றரில் மீற்றருக்கு ஏறத்தாழ 32 மைக்ரோவோல்ட். தூரத்தோடு அலை மெலிவதைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

எனக்குள்ள மனக்குறை இதுதான்: கேட்பவரிடமிருந்து தொடங்கிய அந்தக் கணக்கு உள்ளூர் நிலையத்தை நல்ல வலுவோடு கேட்பவருக்குப் போட்டது. மன்னார்க்காரர் கேட்பதோ கடல் தாண்டி வரும் குரலையும். உப்புநீர் நடுத்தர அலையை நன்றாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனாலும் தொலைவிலிருந்து மெலிந்து வரும் அலையை, வரம்புக்கு உட்பட்ட குமிழ்கூடக் கெடுக்கக்கூடும். வடிகட்டி இல்லாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குமிழ் வாங்கப் போகும்போது கையடக்க ரேடியோ ஒன்றைக் கொண்டுபோங்கள். நடுத்தர அலையில் வைத்து, குமிழைப் போடச்சொல்லி அருகே பிடித்துப் பாருங்கள். இரைந்தால் வேறொன்று கேளுங்கள்.