சாலையின் கனம் ரசீதில் தெரியாது

ஊராட்சி போட்ட சிமெண்ட் சாலை ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துவிடுகிறது. தணிக்கை அறிக்கையிலோ அந்த வேலையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தணிக்கைக்கு வந்தவரையும் கவனித்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும். எல்லா நேரமும் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. தணிக்கையாளர் கணக்குப் படித்தவர். தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, எம்-புக் எனும் அளவீட்டுப் புத்தகம், பட்டியல் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். எம்-புக்கில் 15 சென்டிமீட்டர் என்று எழுதிய கான்கிரீட், தரையிலும் அவ்வளவு கனம் இருக்கிறதா என்பதைக் காகிதத்தை வைத்துச் சொல்ல அவரால் ஆகாது. சாலையைத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்கும் பொறியாளர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் இதே நிலைதான்.

வெளி நிபுணரைத் துணைக்கு அழைப்பது தணிக்கை உலகம் ஏற்றுக்கொண்ட முறை. பட்டயக் கணக்காளர்களுக்கான தணிக்கைத் தரநிலை 620 இதற்கென்றே இருக்கிறது. நிபுணருக்குத் தகுதி இருக்கிறதா, அவர் நடுநிலையானவரா என்று முதலில் பார்க்க வேண்டும். அவர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. முடிவுக்கான பொறுப்பு முழுவதும் தணிக்கையாளருடையதே. "பொறியாளர் சரியென்றார், நானும் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

ஆபத்து பெரும்பாலும் நடுநிலை தவறுவதில்தான் வருகிறது. மதிப்பீடு தயாரித்தவரே தரச் சான்றும் தந்தால் அது சோதனை ஆகாது. ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்குபவர், அவருக்கு உறவானவர், வேலையிடத்துக்கே போகாமல் அலுவலகத்தில் கையெழுத்திடுபவர் ஆகியோரின் சான்றுக்கும் மதிப்பில்லை. நிபுணர் யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார், எந்தத் தேதியில் எந்த இடத்தில் மாதிரி எடுத்தார் என்று கேட்கக் குடிமக்களுக்கு முழு உரிமை உண்டு.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கணக்குத் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. பல ஊர்களில் அந்த அறிக்கையை வாசிப்பதே இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. இது பெரிய அநியாயம். அறிக்கையை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகமுள்ள வேலையைச் சுயேச்சையான பொறியாளரைக் கொண்டு சோதிக்கத் தீர்மானம் கொண்டுவந்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, இன்னும் கூர்மையான ஆயுதம். ஆவண நகல் வாங்க மட்டும்தான் அது உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளித்த மாதிரி பெறவும் அதன் 2(j) பிரிவு வழி செய்கிறது. எம்-புக் நகல், தரச் சோதனை அறிக்கை, பார்வையிட அனுமதி ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துவர அனுமதியும் மனுவிலேயே கேட்டுவிடலாம். மறுத்தால், அந்தப் பொறியாளரும் குடிமகன்தானே, அவர் பெயரிலேயே மனுப் போடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆத்திரத்தில் நீங்களே சாலையைத் தோண்டிவிடாதீர்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள்மேல் பாயும்.

சோதனையில் குறை உறுதியானால் அறிக்கையை இணைத்து, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். உள்ளாட்சி அமைப்புகளின் முறைகேடுகளை விசாரிக்க முறைமன்ற நடுவம் இருக்கிறது. லஞ்சம் கைமாறியிருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. இழப்புக்குக் காரணமானவர்மேல் தண்டத்தீர்வை விதித்துப் பணத்தைத் திரும்ப வாங்கவும் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பொறியாளரோ கணக்காளரோ இருந்தால், அடுத்த கிராம சபைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.