தாத்தாவின் பெட்டியில் பழங்காசுகள்: உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது?

மூணாறு பக்கம் பள்ளிவாசலில் தாத்தா வாழ்ந்த வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே துணி முடிச்சில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள், சங்கு முத்திரையோடு திருவிதாங்கூர்க் காசுகள், பச்சை பிடித்த சதுரமான சின்னச் செம்புக் காசுகள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்ட ஐந்து நிமிடத்தில் "இது கோடிக்கணக்குல போகும்" என்பார் சித்தப்பா. "வீட்டுல வச்சிருந்தாலே கேஸ்" என்பார் மாமா.

பெரும்பாலும் ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. சட்டம், வரி, பாகப்பிரிவினை, பராமரிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், கையில் இருப்பது என்ன?

பள்ளிவாசல் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே ஒரு ரூபாய்க்கு 7 பணம், ஒரு பணத்துக்கு 4 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. சில காசுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் நமக்குத் தெரிந்த வருஷம் வந்துவிடும். 1112 என்று இருந்தால் 1936-37.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். 1930-கள் வரை வந்தவற்றில் சுமார் 91.7% வெள்ளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது 50% ஆகக் குறைந்தது. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும்.

1818 என்ற வருஷத்தோடு, அனுமன் அல்லது ராமர் உருவம் போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம்' இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் செய்த வில்லை அது.

வீட்டில் வைத்திருப்பது குற்றமா?

இல்லை. தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-ல் வந்து, 1976-ல் அமலானது. அதன்படி 100 வருஷத்துக்குக் குறையாத நாணயம் 'தொல்பொருள்'. இந்தக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். 1930-ல் அச்சான காசு 2030-ல் தொல்பொருளாகிவிடும், அது பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும்.

தொல்பொருளாக இருந்தாலும் தனியார் வைத்திருக்கலாம். சிற்பம், ஓவியம், ஓவியங்கள் உள்ள சுவடி போன்றவற்றுக்குத்தான் கட்டாயப் பதிவு. அந்தப் பட்டியலில் நாணயம் இல்லை.

ஆனால் மூன்று இடங்களில் சிக்கல் வரும்:

- வெளிநாடு: துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது ஞாபகார்த்தமாக ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீங்க. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. பொருள் 100 வருஷத்துக்கு உட்பட்டது என்றால், 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ளலாம்.
- வியாபாரம்: தொல்பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் தேவை. விற்பதாக இருந்தால், உரிமம் உள்ள வியாபாரி அல்லது ஏல நிறுவனம் வழியாக ரசீதோடு விற்பதே பாதுகாப்பு.
- புதையல்: தாத்தா காசு கொடுத்து வாங்கியது வேறு, தோட்டத்தில் குழி வெட்டும்போது எடுத்தது வேறு. மண்ணில் கிடைத்தது புதையல், அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது, கேரளத்துக்கு 1968-ல் தனிச் சட்டம் வந்தது. போடிமெட்டுக்கு எந்தப் பக்கம் கிடைத்தது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

காசு யாருக்குச் சொந்தம்?

பெட்டியைக் கண்டெடுத்தவருக்கு அல்ல. உயில் இருந்தால் அதில் சொன்னபடி. இல்லையென்றால் அவரவர் மதத்துக்கான வாரிசுச் சட்டம். இந்துக் குடும்பம் என்றால், தாத்தாவின் சொந்தச் சொத்தில் பாட்டி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. கட்டிக்கொடுத்த அத்தைகளை விட்டுவிட முடியாது. உங்கள் அப்பா இருக்கும்வரை பேரனோ பேத்தியோ ஆன உங்களுக்கு நேரடிப் பங்கு இல்லை.

வரி கட்டணுமா?

வாரிசுரிமையாக வரும்போது வரி இல்லை. இந்தியாவில் வாரிசுச் சொத்து மீதான வரி 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. விற்கும்போதுதான் வரி. வீட்டு உபயோகப் பொருள்களுக்குக் கிடைக்கும் விலக்கு தொல்பொருள் சேகரிப்புக்குக் கிடையாது. தாத்தா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். மொத்தம் 24 மாதத்தைத் தாண்டினால் அது நீண்டகால மூலதன ஆதாயம்.

ஒரு கற்பனைக் கணக்கு. 2001-க்கு முன்பே தாத்தா வாங்கியது என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 40,000 ரூபாய், இப்போது 3 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால் ஆதாயம் 2,60,000. 2024 ஜூலை 23 முதல் உள்ள 12.5% விகிதத்தில் வரி 32,500 ரூபாய், அதன்மேல் செஸ். பழைய மதிப்பை நிரூபிக்க மதிப்பீட்டாளரின் அறிக்கையும், உங்கள் ஆடிட்டரின் ஆலோசனையும் வேண்டும்.

"உங்க காசுக்கு 10 லட்சம்" என்று போன் வந்தால்?

கட் பண்ணிடுங்க. முதலில் பெரிய தொகையைச் சொல்லி, பிறகு ரிசர்வ் வங்கி பெயரில் கட்டணம், கமிஷன், வரி என்று உங்களிடமே பணம் கறப்பதுதான் இந்த மோசடி. இதுபோன்ற விற்பனையில் தனக்குத் தொடர்பே இல்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

கை வைப்பதற்கு முன்...

புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க. செம்பின் மேல் படிந்திருக்கும் அந்தப் பழைய படலம்தான் காசைக் காப்பது. தேய்த்தால் எழுத்தும் போகும், விலையும் போகும். பிவிசி உறைகள் நாளாக நாளாகக் காசைக் கெடுக்கும். மலையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காசை மட்டும் தனியே எடுத்து வைத்து, நிபுணரிடம் காட்டுங்கள்.

பிறகு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள். ஒவ்வொரு காசுக்கும் எண், எடை, விட்டம், இரு பக்கப் படம், எங்கே யாரிடம் வாங்கியது என்ற குறிப்பு. முடிச்சுக்குள் தாத்தா கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சில சமயம் காசைவிட அதுதான் பெரிய சொத்து.

ஏன் அப்படி?

1946-ல் திருச்சூர் மாவட்டம் எய்யாலில் ஒரு புதையல் கிடைத்தது. 12 ரோமானியத் தங்க நாணயம், 71 ரோமானிய வெள்ளி நாணயம், கூடவே 34 இந்திய முத்திரை வெள்ளி நாணயம். மொத்தம் 117. ரோமானியக் காசும் நம்மூர்க் காசும் ஒரே கையில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன என்பது எப்படித் தெரிகிறது? அவை சேர்ந்தே கிடைத்ததாகப் பதிவு இருப்பதால். தங்கத்தை ஒருவரும் வெள்ளியை ஒருவரும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் இந்த வரலாறே இல்லை.

தனியார் சேகரிப்பு வரலாற்றுக்கு உதவியதும் உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டார். சங்ககால அரசர்கள் தங்கள் பெயரில் காசு வெளியிட்டதற்கு அது முக்கியமான சான்றானது. உங்கள் முடிச்சில் இருக்கும் பச்சைச் சதுரமும் அந்த வகையாக இருக்கலாம், சும்மா ஒரு தேய்ந்த செம்பாகவும் இருக்கலாம். நாணயவியல் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை தெரியாது.

அதனால் "ஆளுக்கு அஞ்சு காசு" என்று பங்கு போடுவதற்கு முன், முழுச் சேகரிப்பையும் ஒரே மேசையில் வைத்துப் படமெடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். பங்கு பிரிக்கத்தான் வேண்டும் என்றால், மதிப்பிட்டுப் பணமாகப் பிரித்துக்கொண்டு சேகரிப்பை ஒருவரிடமே விடலாம். எல்லாரும் சம்மதித்தால் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதும் ஒரு வழி.

பாட்டி இருக்கிறாரா? அப்படியென்றால் இந்த வார இறுதியிலேயே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "இது எப்போ, எங்க வாங்கினது பாட்டி?" என்று கேளுங்கள். பெட்டியில் இல்லாத தகவல் அவரிடம்தான் இருக்கும்.